தோற்க விடாத மாப்பிள்ளை

எழுபதுகள்ல எங்க ஊர்ல நடந்த செஸ் போட்டிய நேர்ல பாத்தவங்க யாரும், செஸ் அமைதியான விளையாட்டுன்னு சொல்ல மாட்டாங்க. தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஹால். வரிசையா மேசை, மேசை மேல போர்டு. சுத்தி நிக்கிற கூட்டத்துல பாதிப் பேருக்குக் குதிரை எப்படிப் போகும்னே தெரியாது, ஆனா வாய் மட்டும் ஓயாது. "ஏலே, யானைய வச்சுக்கிட்டு என்னலே முழிச்சிக்கிட்டு இருக்க, தூக்கி அடிலே!" கடல்ல முங்கிச் சங்கு குளிக்கப் போற எங்க தெருக்காரர் ஒருத்தர் தினமும் வந்து, "ஒரு காய நகத்த இம்புட்டு நேரமாடே?"ன்னு கேப்பார். கேட்டுட்டுப் போக மாட்டார், கடைசி ஆட்டம் முடியிற வரைக்கும் நின்னு பாப்பார். நடுவர் நாசரேத் பக்கத்துக்காரர், காலேஜ்ல கணக்குப் புரொபசர். "சைலன்ஸ் ப்ளீஸ்" சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டிப்போகும். அவர் சொன்ன உடனே, அடுத்தவனைச் சும்மா இருக்கச் சொல்லி ஆளாளுக்குக் கத்துவாங்க.

இந்தச் சந்தைக்கடையிலதான் ஒரு வருஷம் நான் முதலாவதா வந்து கப்பு வாங்கியிருந்தேன். அப்போ எனக்குக் கப்பல் ஏஜென்சி ஒண்ணுல கிளார்க் வேலை. பகல் பூரா கஸ்டம்ஸுக்கும் எங்க ஆபீசுக்கும் அலைச்சல், சாயங்காலமானா செஸ். ஊர்ல என்னை ஜெயிக்க ஆள் கிடையாதுன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. அதுல எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை.

அடுத்த வருஷத்துக்குன்னு கிங்ஸ் கேம்பிட்னு ஒரு ஓபனிங்கை மாசக்கணக்கா உக்காந்து தயார் பண்ணியிருந்தேன். விஷயம் ரொம்பச் சுலபம். ராஜாவுக்கு முன்னால நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளணும். எதிராளியும் அதே மாதிரி தள்ளுவான். உடனே பக்கத்துச் சிப்பாயைக் கொண்டுபோய் அவன் வாய்க்கு நேரா வைக்கணும், இந்தா தின்னுன்னு. அவன் எடுத்தான்னா போர்டு நடுவுல நம்ம ராஜ்யம், நம்ம காயெல்லாம் படபடன்னு வெளிய வந்துரும். ஆனா நம்ம ராஜா வீட்டுக் கதவும் தொறந்து கெடக்கும். தெரியாதவன் ஆடினா நாசமாப் போவான். நான் தெரிஞ்சவன், சாப்பாட்டுத் தட்டுல சோத்துப் பருக்கையை வச்சு ஆடிப் பாத்து அம்மாகிட்ட ஏச்சு வாங்கினவன்.

அந்த வருஷம் என் தங்கச்சி மாப்பிள்ளையும் போட்டிக்குப் பேர் குடுத்திருந்தான். அவன் கப்பல்காரன். ஒரு தடவை ஏறினா வருஷம் கழிச்சுத்தான் எறங்குவான். கல்யாணத்துக்குன்னு கரைக்கு வந்தவன் இன்னும் திரும்பிப் போகலை. தங்கச்சி முழுகாம இருந்தா. அவனா பேர் குடுக்கலை, அவதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து குடுக்க வச்சா. காரணம் இருந்துச்சு. புதுத் துறைமுகம் வந்து ஊரெல்லாம் வேலைப் பேச்சா இருந்த காலம் அது. அங்கன ஒரு ஆபீஸ்ல அவங்க டீமுக்குச் செஸ் ஆட ஆள் வேணும்னு, இந்தப் போட்டியில முதலாவதா வாரவனுக்கு விருப்பம்னா கிளார்க் வேலை தாரோம்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டாவது ஆளுக்கு ஒண்ணும் கிடையாது. எனக்கு இருக்கிற வேலையே போதும். தங்கச்சிக்குத்தான் அது வேணும். கரையில ஒரு வேலை கெடச்சா மாப்பிள்ளை கப்பலுக்குப் போக மாட்டான், பிள்ளை பொறக்கும்போது பக்கத்துல இருப்பான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எதிர்ல வந்தவனையெல்லாம் அவன் சாய்ச்சான். இந்தப் பக்கம் நானும் சாய்ச்சேன். கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும்னு ஆகிப்போச்சு.

முந்தின நாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து முறுக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன், தங்கச்சி வந்து நின்னா.

"அண்ணே, நாளைக்கு நீ தோத்துரு."

"என்னது?"

"தோத்துருன்னு சொல்லுதேன். அவுகளுக்கு வேலை கெடைக்கும்லா."

"ஏளா, உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? மாசக்கணக்கா மண்டைய ஒடச்சுப் படிச்சிருக்கேன். ஆடத் தெரிஞ்சா ஆடி ஜெயிக்கட்டும் உன் புருசன்."

அடுப்படியில இருந்து அம்மா சத்தம் வந்துச்சு. "உனக்குத்தான் வேலை இருக்குல்லா. அந்தக் கப்பை வச்சு என்ன செய்யப்போற? அதுல கஞ்சி ஊத்தியா குடிக்கப்போற?"

"உன்னைய ஆடி ஜெயிக்க அவுகளால முடியாதுண்ணே. அது ஊருக்கே தெரியும்லா"ன்னா தங்கச்சி. இந்த ஒரு வார்த்தையில என் கோபத்துல பாதி போயிருச்சு, என்னத்தச் சொல்ல! மீதிப் பாதியை அவ அழுது கரைச்சா. "பிள்ளை பொறக்குறப்போ அவுக எந்தக் கடல்ல கெடப்பாகளோ. எனக்குப் பயமா இருக்குண்ணே"ன்னு வயித்துல கைய வச்சுக்கிட்டு நின்னா. அதுக்கு மேல எவன் என்ன பேச முடியும்? சரி தொலையுதுன்னு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்ட உடனே கண்ணைத் தொடச்சுக்கிட்டு அடுத்த கண்டிஷன் போட்டா. மாப்பிள்ளைக்கு இது தெரியக் கூடாதாம், அவன் ரோசக்காரனாம், தெரிஞ்சா ஆடாம எந்திரிச்சு வந்துருவானாம்.

தோக்குறதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. மச்சானும் மாப்பிள்ளையும் ஆடுறதால, புரொபசர் முன்னாடியே எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு எச்சரிச்சிருந்தார். விட்டுக்குடுக்கிற மாதிரி தெரிஞ்சா ஆட்டமே செல்லாது, பரிசும் கிடையாதுன்னுட்டார். அதனால சும்மா ராஜாவைக் கவுத்துட்டு எந்திரிக்க முடியாது. பாக்குறவனுக்குச் சந்தேகம் வராம, கௌரவமாத் தோக்கணும்.

மறுநாள் ஹால்ல கால் வைக்க எடமில்லை. வேலை தாரோம்னு சொன்ன ஆபீசர் முன் வரிசையில வந்து உக்காந்துட்டார். எனக்கு வெள்ளைக் காய் வந்துச்சு. கிங்ஸ் கேம்பிட்டையே ஆடித் தோத்துரலாம்னு முடிவு பண்ணினேன். ராஜா வீட்டுக் கதவைத் தொறந்து போட்டுட்டு முழிச்சா, எவன் வேணும்னாலும் உள்ள வந்து அடிச்சுட்டுப் போகலாம்லா. மாசக்கணக்காப் படிச்ச படிப்பு இதுக்காவது ஆகட்டும்.

முதல் சிப்பாயைத் தள்ளினேன். அவனும் தள்ளினான். ரெண்டாவது சிப்பாயை வாய்க்கு நேரா வச்சேன். அவன் எடுக்கலை. பிஷப்பை வெளியே கொண்டாந்து என் ராஜா பக்கத்தைக் குறி வச்சு நிறுத்தினான். நல்ல பதில்தான். ஆளு விவரமானவன், சீக்கிரம் தோத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம்னு எனக்குச் சந்தோசம். அடுத்து அவன் சிப்பாயை என் சிப்பாயால எடுத்தேன். இந்த எடத்துல இதை மட்டும் செஞ்சிராதேன்னு புஸ்தகத்துல போட்டிருக்கிற ஆட்டம் அது. இப்போ அவன் ராணி ஓரத்துக்குப் பாய்ஞ்சு செக் வச்சா கதை முடிஞ்சுது. என் ராஜா முன்னால நகந்தா அங்கனயே மேட். சிப்பாயை வச்சு மறைச்சா யானை போகும். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

அவன் பாத்தான். ராணியைப் பாத்தான், அந்த ஓரத்தைப் பாத்தான். கன்னத்துல கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தான். வைடா வைடான்னு என் மனசு அடிச்சுக்குது. அவன் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிட்டு, கடியாரத்தைத் தட்டிட்டு, "உங்க பக்கம் கொஞ்சம் தொறந்து கெடக்கு, பாத்துக்கிடுங்க மச்சான்"னான்.

சேசுவே! இவனைக் கட்டிக்கிட்டுத்தான் என் தங்கச்சி உருகுதா?

சரி, இது நுணுக்கமான விஷயம், கண்ணுல படலைன்னு நெனச்சுக்கிட்டேன். குருடனுக்கும் தெரியிற மாதிரி ஒண்ணு செய்வோம்னு, கொஞ்ச நேரம் கழிச்சு என் ராணியையே அவன் குதிரை வாய்க்கு நேரா கொண்டுபோய் நிறுத்தினேன். கூட்டத்துல ஒரு சத்தம் எழுந்துச்சு. நான் கவனிக்காத மாதிரி மேல ஓடுற ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

எங்க ஊர்ப் பக்கம் வீட்டுல ஆடுற ஆட்டத்துல ஒரு மரியாதை உண்டு. ராஜாவுக்குச் செக் சொல்ற மாதிரி, ராணியை எடுக்கிறதுக்கு முன்னாலயும் "ராணிக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டு வேற ஒரு காயை நகத்தணும். எதிராளி அதுக்கப்புறமும் ராணியைக் காப்பாத்தலைன்னா எடுத்துக்கலாம். சொல்லாம எடுத்தா திருட்டு ஆட்டம்னு காறித் துப்பிருவாங்க. ஆனா அதெல்லாம் வீட்டுல. போட்டியில அப்படி ஒரு விதியே கிடையாது.

மாப்பிள்ளை நெஞ்சை நிமித்திக்கிட்டு, ஹாலுக்கே கேக்கிற மாதிரி "ராணிக்கு, மச்சான்"னான். சொல்லிட்டு ஓரத்துல இருந்த ஒண்ணுக்கும் ஆகாத சிப்பாயை நகத்தினான்.

கூட்டம் கை தட்டுது. சங்குகுளி அண்ணாச்சிக்குக் கண்ணே கலங்கிருச்சு. "பெத்தவ நல்லாப் பெத்திருக்காடே!"ங்கார். புரொபசர் ஓடி வந்தார். "மிஸ்டர், இங்க அப்படி ரூல் இல்ல. எடுக்கணும்னா நீங்க எடுத்திருக்கலாம்." அதுக்கு இவன், "இருக்கட்டும் சார், நம்ம வழக்கத்தை விட முடியுமா?"ங்கான். முன் வரிசையில ஆபீசர் பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு இருக்கார். எனக்கு வந்த ஆத்திரத்துல போர்டைத் தூக்கி அவன் மண்டையில போட்டிருப்பேன்.

வழக்கம்தானே உனக்கு வேணும், நீ சொல்லியாச்சுல்லா, இப்போ எடுலேன்னு, ராணியை அங்கனயே விட்டுட்டு நானும் ஒரு ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினேன். அவன் முகம் ஒரு நிமிஷம் என்னமோ மாதிரி ஆச்சு. நெத்தியைத் தொடச்சான். அப்புறம் அந்தக் குதிரையையே தூக்கி வேற பக்கம் பாய்ச்சி, "செக்"னான். பிரயோசனமே இல்லாத செக். என் ராணியைத் தின்ன வேண்டிய ஒரே காயை அவனே வெரட்டி விட்டுட்டான். மேசைக்கு அடியில அவன் காலை ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன். "மன்னிக்கணும் மச்சான்"னு காலை உள்ள இழுத்துக்கிட்டான்.

அதுக்கப்புறம் நான் ஒண்ணைக் குடுக்க, அவன் வேண்டாம்னு ஒதுங்க, இப்படியே போச்சு. அவன் ராஜா பாட்டுக்கு நடுவுல கெடக்கு, சுத்தி அவன் காய்களே அதை நெருக்கிக்கிட்டு நிக்குது. என் காயெல்லாம் நான் கேக்காமலே நல்ல எடத்துல வந்து உக்காந்துருச்சு. தோக்கணும்னு வந்தவனுக்கு ஜெயிக்கிற ஆட்டம்! தலையில அடிச்சுக்கிடலாம்னா, புரொபசர் என் தோளுக்குப் பின்னாலயே நிக்கார். இவ்வளவு மோசமா ஆடுறவன் மத்தவங்களை எப்படித்தான் சாய்ச்சான்னு எனக்கு அப்போதான் லேசா ஒரு யோசனை வந்துச்சு. அந்த யோசனை முடியிறதுக்குள்ள அவன் ராணியைத் தூக்கினான்.

தூக்கி, என் ராஜாவுக்குப் பக்கத்துல, ஒட்டி, கொண்டாந்து வச்சான். "செக்."

நான் குனிஞ்சு பாத்தேன். ராஜாவால அந்த ராணியை எடுக்க முடியாது, பின்னால அவன் பிஷப் காவல் நிக்கு. ராஜா நகர எடமில்லை. எடுக்கிறதுன்னா யானையால மட்டும்தான் எடுக்கலாம், வேற வழியே இல்லை. யானை அந்தக் கட்டத்துக்கு வந்தா, நேர எதிர்ல, தொறந்த வரிசையில அவன் ராஜா. குறுக்க வைக்க ஒரு காயும் அவனுக்குக் கிடையாது. அந்தப் பிஷப்பால யானையை எடுக்கவும் முடியாது, அது நகந்தா என் ராணிக்கு நேரா அவன் ராஜா மாட்டும். ஓடலாம்னா சுத்தி அவன் காயே அடைச்சுக்கிட்டு நிக்குது. நான் எடுத்தா அதுவே மேட். எடுக்காம இருக்கவும் முடியாது.

இதைத் தற்செயலா எவனும் செய்ய முடியாது. என் கையைப் பிடிச்சு, என்னை வச்சே அவன் ராஜாவைக் கொல்ல வச்சிருக்கான். இதுக்கு எத்தனை நகத்தலுக்கு முன்னாலயே பாத்திருக்கணும்! என்னால ஜென்மத்துக்கும் முடியாது. நிமிந்து அவன் மூஞ்சியைப் பாத்தேன். அவன் கெஞ்சுற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். "எடுங்க மச்சான்"னான், வாய்க்குள்ளயே.

யானையால எடுத்தேன். ஹால் பூரா கூச்சல். மறுபடியும் கப்பு எனக்குத்தான்.

வெளிய வந்து பீச் ரோட்டுல நடந்தோம். ஆளில்லாத எடமா வந்ததும் அவன் சட்டையைப் பிடிச்சேன். "என்னலே பண்ணி வச்சிருக்க?"

"கோவப்படாதீங்க மச்சான். அந்த வேலை எனக்கு வேண்டாம். கரையில இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. மேசையும் நாற்காலியும் நமக்கு ஆகாது. பம்பாய் ஏஜெண்ட்கிட்ட வாரேன்னு சொல்லியாச்சு."

"சொல்லியாச்சா? பிள்ளை பொறக்கப்போகுதுலே!"

"பிள்ளைக்குச் சாப்பாடு வேணும்லா."

"ஏன், கிளார்க் வேலை பாத்தா சோறு கெடைக்காதா? நான் என்ன மண்ணையா திங்கேன்?"

அவன் கடலைப் பாத்துக்கிட்டு நின்னான். முதல் ஆட்டத்துலயே தோத்துத் தொலைய வேண்டியதுதானேன்னு கேட்டேன். "சின்னப் பயலுககிட்ட தோத்தா, வேணும்னே தோத்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும் மச்சான். உங்ககிட்ட தோத்தா யாரு சந்தேகப்படுவா? அதை நம்பித்தான் வந்தேன். ஆனா இன்னைக்கு நீங்க மூணாவது காயை நகத்தினப்பவே தெரிஞ்சு போச்சு, அவ உங்ககிட்டயும் வந்து பேசியிருக்கான்னு. உங்களை ஜெயிக்க வைக்க இன்னைக்கு நான் பட்ட பாடு இருக்கே..."ன்னு பெருமூச்சு விடுதான்! என்கிட்டயே! அந்த எடத்துல அவனைக் கடல்ல தள்ளாம விட்டதுக்கு மாதாதான் காரணம்.

அவகிட்ட சொல்லிராதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினான். சொல்லத்தான் நெனச்சேன். வீட்டு வாசல்ல தங்கச்சி நின்ன நிலையைப் பாத்ததும் நாக்கு வரலை. அண்ணன் ஏமாத்திட்டான்னா அவ கோவப்படுவா, ஏசுவா, தாங்கிக்கிடுவா. நீ வயித்துப் பிள்ளையோட கெஞ்சியும் உன் புருசனுக்குக் கடல்தான் பெருசுன்னு தெரிஞ்சா, அவ ஒடைஞ்சு போயிருவா. அதனால "ஆட்டத்துல உக்காந்தா எனக்கு விட்டுக்குடுக்க வரலைளா"ன்னேன். அவ விருட்டுன்னு உள்ள போயிட்டா. அம்மா அந்தக் கப்பை வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னுட்டா.

அவன் பம்பாய்க்கு ரயிலேறினான். பிள்ளை பொறந்தப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல நடந்தது நான்தான். நர்சம்மா பொம்பளப் பிள்ளையைக் கொண்டாந்து காட்டி, தகப்பன் எங்கன்னு கேட்டாங்க. கட்டில்ல கெடந்த தங்கச்சி என்னைக் கையைக் காட்டி, "அந்தா நிக்காகல்லா, அவுககிட்ட கேளுங்க"ன்னா. நர்சம்மா என்னை ஏற எறங்கப் பாத்தாங்க. அப்போ எனக்கு வந்த வேதனையை இங்க எழுத முடியாது. அதுக்கப்புறம் அவ என்கிட்ட முகம் குடுத்துப் பேசவே ரொம்பக் காலம் ஆச்சு. மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவை ஃபாரின் சோப்பும் சட்டைத்துணியும் தூக்கிட்டு வருவான், எனக்குன்னு ஒரு பொட்டலம் தனியா இருக்கும். நான் பிரிச்சே பாத்ததில்லை.

இப்போ அவன் கப்பலை விட்டு வந்து வருஷமாச்சு. முடி நரைச்சு, வீட்டோட இருக்கான். போன மாசம் தங்கச்சி பேரப்பிள்ளையோட புதுநன்மைக்கு, அதான் கோயில்ல முதல் தடவை நற்கருணை வாங்குற விசேஷத்துக்கு, எல்லாரும் கூடியிருந்தோம். சம்பந்தி வீட்டு ஆளுகளுக்கு டீ குடுத்துக்கிட்டே தங்கச்சி பழைய கதையை எடுத்தா. "எங்க அண்ணன் அன்னைக்கு ஒரே ஒரு ஆட்டத்தை விட்டுக்குடுத்திருந்தா, என் மகள் அப்பன் முகத்தைப் பாத்து வளந்திருப்பா." எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் அவனைப் பாத்தேன்.

அவன் டீயை ஊதி ஒரு வாய் குடிச்சான். "விடுளா, மச்சானுக்கு அன்னைக்குத் தோக்க மனசு வரலை. அதுக்கு என்ன செய்ய?"ன்னான்.

அடப்பாவி! இத்தனை வருஷம் அடக்கி வச்சது அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துருச்சு. வாயைத் தொறந்துட்டேன். அதுக்குள்ள தங்கச்சி அவன் தோள்ல கையை வச்சு, அந்த வீட்டு ஆளுககிட்ட சொல்லுதா: "அவுக என்ன செய்வாக, பாவம். வீட்டோட இருக்கணும்னுதான் அவுகளுக்கும் ஆசை."

நான் வாயை மூடிக்கிட்டேன்.